2005 எஃப்ஏ கோப்பை இறுதிப் போட்டி: பெனால்டியில் கிடைத்த வெற்றி வெறும் அதிர்ஷ்டமா?

இங்கிலாந்தின் எஃப்ஏ கோப்பை என்ற கால்பந்துக் கோப்பைக்காக 2005ஆம் ஆண்டு நடந்த இறுதிப் போட்டியைப் பற்றி நீங்கள் கேட்டிருப்பதன் சாரம் இது: 120 நிமிடமும் மான்செஸ்டர் யுனைடெட்தான் ஆடியது, ஆர்சனல் தடுத்துக்கொண்டு மட்டுமே நின்றது, அப்படியிருக்கும்போது ஐந்து உதைகளில் கோப்பை ஆர்சனலுக்குப் போனது நியாயமா, அது குருட்டு அதிர்ஷ்டம்தானே, பழைய வழக்கப்படி மறு ஆட்டம் வைத்திருக்கக் கூடாதா?

மூன்று கேள்விகள் இதில் பின்னிக் கிடக்கின்றன. யுனைடெட் சிறப்பாக ஆடியதா என்பது முதலாவது, ஆம், ஐயமில்லாமல். பெனால்டி ஷூட் அவுட், அதாவது சமநிலையில் முடிந்த ஆட்டத்தில் இரு அணிகளும் மாறி மாறி ஐந்து முறை கோலை நோக்கி உதைத்து, அப்போதும் சமமானால் ஒவ்வோர் உதையாகத் தொடர்ந்து வெற்றியைத் தீர்மானிக்கும் முறை, அதிர்ஷ்டமா என்பது இரண்டாவது. பெரும்பாலும் இல்லை என்பதே என் கருத்து. மறு ஆட்டத்தைக் கைவிட்டதால் ஏதாவது இழந்தோமா என்பது மூன்றாவது. இழந்தோம், ஆனால் நீங்கள் நினைக்கும் பொருளை அல்ல. இவற்றைப் பிரித்துப் பார்க்காமல் ஒரே மூச்சில் கேட்பதால்தான் இந்த விவாதம் இருபது ஆண்டுகளாக ஒரே இடத்தில் சுற்றுகிறது.

முதலில் அன்றைய ஆட்டம். 2005 மே 21 அன்று, வேல்ஸின் கார்டிஃப் நகரிலுள்ள மில்லேனியம் அரங்கில் போட்டி நடந்தது. லண்டனின் வெம்பிளி அரங்கு இடிக்கப்பட்டுப் புதிதாகக் கட்டப்பட்டுக்கொண்டிருந்ததால் 2001 முதல் 2006 வரை இறுதிப் போட்டிகள் அங்கேதான் நடந்தன. ஆர்சனலின் தியரி ஹென்றி காயத்தால் ஆடவில்லை. இங்கிலாந்தின் மிக அழகான தாக்குதல் ஆட்டத்துக்குப் பெயர்போன ஆர்சனல் பயிற்சியாளர் அர்சென் வெங்கர், அன்று டெனிஸ் பெர்க்காம்ப் ஒருவரை மட்டும் முன்னால் நிறுத்தி, நடுக்களத்தில் ஐந்து பேரைக் குவித்து, தம் இயல்புக்கு முற்றிலும் மாறான ஓர் ஆட்டத்தை ஆடவைத்தார். அலெக்ஸ் ஃபெர்குசன் பயிற்றுவித்த யுனைடெட் அணியில் வெய்ன் ரூனியும் கிறிஸ்டியானோ ரொனால்டோவும் இரு பக்கங்களிலிருந்தும் ஆர்சனலின் தற்காப்பைக் கிழித்துக்கொண்டே இருந்தார்கள். ரியோ ஃபெர்டினாண்ட் அடித்த கோல் ஆஃப்சைடு என்று மறுக்கப்பட்டது. ரூனியின் ஓர் உதை கம்பத்தில் பட்டுத் திரும்பியது. ஆட்டம் முடியும் தறுவாயில் ரூட் வான் நிஸ்டல்ரூய் தலையால் முட்டிய பந்தை, கோல் கோட்டருகே நின்ற ஃப்ரெடி லுங்பெர்க் தம் தலையைக் கொடுத்துக் குறுக்குக் கம்பத்துக்குத் திருப்பிவிட்டார். ஆர்சனல் பக்கம் நினைவில் நிற்கும் முயற்சி என்று தேடினால், கூடுதல் நேரத்தில் ராபின் வான் பெர்சி அடித்து, யுனைடெட் கோல்கீப்பர் ராய் கரோல் தடுத்த ஒரு ஃப்ரீ கிக்தான் அகப்படும். கூடுதல் நேரத்தின் கடைசிக் கணத்தில் ஆர்சனலின் ஹோசே அன்டோனியோ ரேயஸ் ரொனால்டோவை மறித்து இரண்டாவது மஞ்சள் அட்டை பெற்று வெளியேற்றப்பட்டார். எஃப்ஏ கோப்பை இறுதியில் வெளியேற்றப்பட்டவர்களில் அவர் இரண்டாமவர், 1985இல் யுனைடெட்டின் கெவின் மோரன் முதலாமவர்.

ஆகவே, யார் நன்றாக ஆடினார்கள் என்பதில் விவாதத்துக்கு இடமில்லை. ஆனால் கோல் இல்லை. 1912இல் பார்ன்ஸ்லியும் வெஸ்ட் பிராமும் மோதிய முதல் ஆட்டத்துக்குப் பிறகு, கோலே விழாமல் முடிந்த எஃப்ஏ கோப்பை இறுதிப் போட்டி இதுதான். கால்பந்தில் ஆதிக்கத்துக்கு மதிப்பெண் கிடையாது. இதை யுனைடெட் ரசிகர்களிடம் சொன்னால் கோபம் வருகிறது. ஆனாலும் 120 நிமிட ஆதிக்கத்தை ஒரே ஒரு கோலாக மாற்ற முடியாத குறை அவர்களுடையது. அதை ஷூட் அவுட்டின் தலையில் கட்டுவது சரியில்லை.

இனி அந்தப் பத்து உதைகளுக்கு வருவோம். யுனைடெட் முதலில் உதைத்தது. வான் நிஸ்டல்ரூய் கோலாக்கினார். ஆர்சனலின் லாரன் சமன் செய்தார். இரண்டாவதாக வந்த பால் ஸ்கோல்ஸின் உதையைக் கோல்கீப்பர் யென்ஸ் லேமன் பாய்ந்து தடுத்தார். லுங்பெர்க், ரொனால்டோ, வான் பெர்சி, ரூனி, ஆஷ்லி கோல் என்று மற்றவர்கள் வரிசையாக வலைக்குள் அடித்தார்கள். ஒன்பதாவது உதை யுனைடெட்டின் தலைவர் ராய் கீனுடையது. அவர் அடித்ததும் கணக்கு 4-4 ஆனது. பத்தாவது உதை ஆர்சனலின் தலைவர் பாட்ரிக் வியேராவுடையது. எட்டு ஒன்பது ஆண்டுகளாக நடுக்களத்தில் முட்டி மோதிக்கொண்ட, அந்த ஆண்டு பிப்ரவரியில் ஆர்சனலின் ஹைபரி அரங்கின் நுழைவுப் பாதையிலேயே வார்த்தைகளால் மோதிக்கொண்ட இரண்டு தலைவர்கள் அடுத்தடுத்து அந்தப் புள்ளிக்கு நடந்து வந்தார்கள். வியேரா அடித்தார், 5-4. ஆர்சனல் சட்டையில் அவர் உதைத்த கடைசி உதை அதுதான்; அந்தக் கோடையிலேயே யுவென்டஸுக்குப் போய்விட்டார். 1871-72 பருவத்தில் தொடங்கிய கோப்பையின் இறுதிப் போட்டி பெனால்டியால் தீர்க்கப்பட்டது அதுவே முதல் முறை.

பத்தில் ஒன்பது கோலாயின என்பதைக் கவனியுங்கள். ஷூட் அவுட்டை நாணயச் சுண்டலோடு ஒப்பிடுபவர்கள் இந்த எண்ணிக்கையைப் பார்ப்பதில்லை. 11 மீட்டர் தூரத்திலிருந்து, 7.32 மீட்டர் அகலமும் 2.44 மீட்டர் உயரமும் உள்ள கோலுக்குள், அரை விநாடிக்கும் குறைவான நேரத்தில் போய்ச் சேரும் பந்து அது. உதைப்பவர் இயல்பாகச் செய்தால் கோல்தான், தவறினால்தான் செய்தி. அந்த இயல்பைக் குலைக்கும் விஷயங்கள் என்னென்ன, குலையாமல் காக்கும் விஷயங்கள் என்னென்ன என்பதே இந்தப் போட்டியின் உண்மையான ஆட்டம்.

அன்று ஆர்சனலுக்கு உதைத்த ஐவரில் இருவர், லுங்பெர்க்கும் வான் பெர்சியும், மாற்று ஆட்டக்காரர்களாக உள்ளே வந்தவர்கள். கால்கள் மற்றவர்களைவிடப் புதியவை. ஸ்கோல்ஸோ 120 நிமிடம் நடுக்களத்தில் ஓடி முடித்தவர். அதைவிட முக்கியம், எதிரே நின்றவர் யார் என்பது. அந்தப் பருவத்தில் லேமன் இடையில் சில வாரங்கள் அணியிலிருந்தே நீக்கப்பட்டு, மானுவேல் அல்முனியாவுக்கு இடம்விட்டு உட்கார்ந்திருந்தார். ஆனால் அவருடைய அடுத்த பதினான்கு மாதங்களைப் பாருங்கள். 2006 ஏப்ரலில் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் வில்லாரியலின் ஹுவான் ரோமன் ரிக்கெல்மே கடைசி நேரத்தில் எடுத்த பெனால்டியைத் தடுத்து, ஆர்சனலை இறுதிக்குக் கொண்டுசென்றார். அதே ஆண்டு ஜூன் 30 அன்று பெர்லினில், உலகக் கோப்பைக் காலிறுதியில், காலுறைக்குள் செருகி வைத்திருந்த துண்டுச் சீட்டைப் பார்த்துப் பார்த்து, அர்ஜென்டினாவின் அயாலாவையும் காம்பியாசோவையும் தடுத்தார். காம்பியாசோவின் பெயர் அந்தச் சீட்டில் இல்லவே இல்லை என்பது பிறகு தெரியவந்தது. ஆனால் லேமன் சீட்டை எடுத்துப் படித்துக்கொண்டிருந்த அந்தச் சில விநாடிகள் எதிரே காத்து நின்றவரின் மனத்தில் என்ன செய்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். ஒருவருக்கு ஒருமுறை நடந்தால் அதிர்ஷ்டம் எனலாம். பதினான்கு மாதங்களில் மூன்று பெரிய மேடைகளில் நடந்தால் அதற்கு வேறு பெயர் வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு சிறிய விதியையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அன்று அதைப் பலர் கவனிக்கவில்லை. ரேயஸ் வெளியேற்றப்பட்டதால் ஆர்சனலில் பத்துப் பேர்தான் மிஞ்சினார்கள். 2000ஆம் ஆண்டிலிருந்து நடைமுறையில் உள்ள விதிப்படி, இப்படி ஆகும்போது எதிரணியும் ஒருவரை விலக்கிப் பத்துப் பேராகக் குறைத்துக்கொள்ள வேண்டும். இல்லையெனில் பத்துப் பேர் உள்ள அணியின் மிகச் சிறந்த உதைப்பாளர் இரண்டாவது முறை உதைக்கத் திரும்பி வரும் நேரத்தில், மற்ற அணியின் பதினோராவது ஆள், அதாவது பெரும்பாலும் கோல்கீப்பரோ பெனால்டிப் பக்கமே போகாத ஒரு தற்காப்பு வீரரோ, உதைக்க வேண்டிவரும். தண்டனை பெற்ற அணிக்கே அது சலுகையாகிவிடும். 2005இல் ஐந்து சுற்றிலேயே முடிந்துவிட்டதால் இது பொருட்டாகவில்லை.

மறு ஆண்டே, 2006 மே 13 அன்று, அதே கார்டிஃப் அரங்கில் இரண்டாவது முறையாக இறுதி பெனால்டிக்குப் போனது. லிவர்பூலும் வெஸ்ட் ஹாமும் மோதிய அந்த ஆட்டம் 2005க்கு நேர் எதிரானது, கோல் மழை. ஜேமி காரகரின் சேம்சைடு கோலாலும் டீன் ஆஷ்டனாலும் வெஸ்ட் ஹாம் 2-0 என்று முந்தியது. ஜிப்ரில் சிஸேவும் ஸ்டீவன் ஜெரார்டும் சமன் செய்தார்கள். பால் கொன்செஸ்கி பக்கவாட்டிலிருந்து உயர்த்தி அடித்த பந்து நேராகக் கோலுக்குள் விழ, மறுபடி வெஸ்ட் ஹாம் முன்னிலை. முழு நேரம் முடிந்து கூடுதலாகச் சேர்த்த நிமிடங்கள் ஓடிக்கொண்டிருந்தபோது, தசைப்பிடிப்பால் சரியாக ஓடக்கூட முடியாமலிருந்த ஜெரார்டு, வெகு தொலைவிலிருந்து தரையோடு தரையாக அடித்த பந்து 3-3 ஆக்கியது. இந்த உதையால்தான் அந்த இறுதிக்கே அவர் பெயர் நிலைத்துவிட்டது.

ஆனால் ஷூட் அவுட்டைப் பற்றிப் பேசுகிறவருக்கு அன்றைய நாயகர் லிவர்பூலின் கோல்கீப்பர் பெப்பே ரெய்னா. அவர் அன்று மோசமாக ஆடினார் என்று சொன்னால் மிகையில்லை. ஆஷ்டனின் கோல் ரெய்னா கைநழுவவிட்ட பந்திலிருந்து வந்தது. கொன்செஸ்கியின் கோலும் அவர் நின்ற இடத்தைக் கேள்விக்குள்ளாக்கியது. பிறகு கூடுதல் நேரத்தின் முடிவில், நைஜல் ரியோ-கோக்கரின் தலையில் பட்டு வந்த பந்தை விரல் நுனியால் கம்பத்துக்குத் தள்ளினார். அடுத்து வந்த பெனால்டிகளில் பாபி ஜமோரா, கொன்செஸ்கி, ஆன்டன் ஃபெர்டினாண்ட் ஆகிய மூவரையும் தடுத்தார். வெஸ்ட் ஹாமுக்காக அடித்தவர் நாற்பது வயது டெடி ஷெரிங்கம் ஒருவரே. லிவர்பூல் பக்கம் சாமி ஹூபியாவின் உதையை ஷாகா ஹிஸ்லப் தடுத்தார். டீட்மர் ஹாமன், ஜெரார்டு, ஜான் ஆர்னே ரீசே அடித்தார்கள். 3-1. ரெய்னா அதற்கு முன் ஸ்பெயினின் வில்லாரியலில் ஆடியபோதே பெனால்டிகளைத் தடுப்பதில் பெயரெடுத்தவர். ஆட்டத்தின் போக்கில் தடுமாறிய அதே ஆளிடம், இந்தத் தனித் திறமை கெடாமல் இருந்தது. ஷூட் அவுட் என்பது அதற்கு முந்தைய 120 நிமிடத்தின் தொடர்ச்சி அல்ல, அது வேறொரு போட்டி என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

லிவர்பூலுக்கு இன்னொரு அனுகூலமும் இருந்தது. அதற்கு ஓராண்டுக்கு முன், 2005 மே 25 அன்று இஸ்தான்புல்லில், ஏசி மிலானை இதே முறையில் வென்று சாம்பியன்ஸ் லீக் கோப்பையை எடுத்த அணி அது. அங்கே முதல் உதையை எடுத்தவர் ஹாமன். கார்டிஃபிலும் அவரே முதலில் வந்தார். இஸ்தான்புல்லில் ரீசே தவறவிட்டார். கார்டிஃபில் அதே ரீசே நான்காவதாக வந்து அடித்தார். இஸ்தான்புல்லில் ஐந்தாவது உதைக்குக் காத்திருந்த ஜெரார்டுக்கு வாய்ப்பே வரவில்லை. கார்டிஃபில் மூன்றாவதாக முன்னே வந்துவிட்டார். உதைக்கும் வரிசையை முன்கூட்டி நடுவரிடம் கொடுக்க வேண்டிய கட்டாயம் விதியில் இல்லை. ஆகவே அந்த நடுவட்டத்தில் நின்றுகொண்டு எடுக்கும் சிறு சிறு முடிவுகளும் இந்தப் போட்டியின் பகுதிதான்.

மூன்றாவது சான்று இன்னும் சுவையானது. 2022ஆம் ஆண்டில் லிவர்பூலும் செல்சியும் இங்கிலாந்தின் இரண்டு கோப்பை இறுதிகளிலும் மோதின. இரண்டும் வெம்பிளியில், இரண்டும் கோலின்றி, இரண்டும் பெனால்டியில் லிவர்பூலுக்கு. பிப்ரவரி 27 அன்று நடந்த லீக் கோப்பை இறுதியில் செல்சியின் பயிற்சியாளர் தாமஸ் டூகல், நன்றாக ஆடிக்கொண்டிருந்த கோல்கீப்பர் எட்வர்ட் மெண்டியை எடுத்துவிட்டு, பெனால்டிக்கென்றே கெப்பா அரிசபலாகாவை இறக்கினார். இரு அணிகளின் களவீரர்கள் இருபது பேரும் கோலடித்தார்கள். லிவர்பூலின் கோல்கீப்பர் குயிவீன் கெல்லஹரும் அடித்தார். இருபத்திரண்டாவது உதையை எடுத்த கெப்பா, பந்தைக் கம்பத்துக்கு மேலே அனுப்பினார். 11-10. தடுப்பதற்கென்று கொண்டுவரப்பட்டவர் ஒன்றைக்கூடத் தடுக்காமல், தம் உதையால் தோல்வியைத் தந்த அந்த நிகழ்ச்சியை வைத்து, திட்டமிடல் எல்லாம் வீண் என்று வாதிட்டவர்கள் உண்டு. எனக்கு அது அப்படித் தோன்றவில்லை. இருபத்தொரு உதைகள் தொடர்ச்சியாகக் கோலாவது நாணயம் சுண்டும் இடத்தில் நடக்காத காரியம்.

மே 14 அன்று எஃப்ஏ கோப்பை இறுதி. முதல் இறுதிப் போட்டி நடந்து 150 ஆண்டுகள் நிறைந்த ஆண்டு அது. செல்சியின் செசார் அஸ்பிலிகுவேட்டாவின் உதை கம்பத்தில் பட்டது. ஐந்தாவதாக வந்த சாடியோ மானே அடித்திருந்தால் லிவர்பூலுக்கு அங்கேயே கோப்பை. ஆனால் எதிரே நின்ற மெண்டி, செனகல் அணியில் மானேவின் தோழர். மூன்று மாதங்களுக்கு முன் ஆப்பிரிக்கக் கோப்பையை இதே பெனால்டி முறையில் இருவரும் சேர்ந்து வென்றிருந்தார்கள். மானே எந்தப் பக்கம் உதைப்பார் என்பது மெண்டிக்குத் தெரியும் என்று கருதி, பயிற்சியாளர் யூர்கன் குளோப் அவரை வேறு மாதிரி உதைக்கச் சொன்னார், மெண்டி தடுத்துவிட்டார். அந்தத் தவறில் பாதிப் பொறுப்பாவது தம்முடையது என்று குளோப் பிறகு வெளிப்படையாகச் சொன்னார். நன்றாக அடிக்கத் தெரிந்தவரின் பழக்கத்தில் கைவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இது நல்ல பாடம். பிறகு செல்சியின் மேசன் மவுன்ட் உதைத்ததை அலிசன் தடுக்க, மாற்று ஆட்டக்காரராக வந்த கிரேக்க வீரர் கோஸ்டாஸ் சிமிகாஸ் அடித்து 6-5 என்று முடித்தார். லிவர்பூல் அந்தப் பருவத்தில் நியூரோ 11 என்ற ஜெர்மானிய நிறுவனத்தின் நரம்பியல் வல்லுநர்களைக் கொண்டு, மூளையின் இயக்கத்தை அளந்து, நின்ற பந்தை அடிக்கும் பயிற்சி அளித்திருந்தது. வெற்றியில் அவர்களுக்குப் பங்குண்டு என்று குளோப் கூறினார். அந்தப் பயிற்சி எவ்வளவு தூரம் உதவியது என்று அளவிட்டுச் சொல்வது கடினம். ஆனால் அதற்காகப் பணம் செலவழிக்கும் ஒரு பெரிய அணி இதை அதிர்ஷ்டம் என்று நம்பவில்லை என்பது மட்டும் உறுதி.

அப்படியானால் அதிர்ஷ்டத்துக்கு இடமே இல்லையா? உண்டு. யார் முதலில் உதைப்பது என்று முடிவுசெய்யும் நாணயச் சுண்டலில் உண்டு. முதலில் உதைக்கும் அணி ஏறத்தாழ 60 விழுக்காடு வெல்கிறது என்று இக்னாசியோ பலாசியோஸ்-ஹுவெர்டா என்ற பொருளாதார அறிஞரும் அவருடைய சகாவும் 2010இல் வெளியிட்ட ஆய்வு பெரும் பரபரப்பை ஏற்படுத்தியது. பின்தங்கிய நிலையிலேயே ஒவ்வொரு முறையும் உதைக்க வேண்டியிருப்பது இரண்டாவது அணியை அழுத்துகிறது என்பது விளக்கம். அதன் பின்விளைவாக, டென்னிஸ் டைபிரேக்கரைப் போல முதல் அணி ஒன்று, இரண்டாவது அணி இரண்டு, மீண்டும் முதல் அணி இரண்டு என்று மாற்றி உதைக்கும் முறை 2017இல் சோதித்துப் பார்க்கப்பட்டது. அந்த ஆண்டு ஆர்சனலும் செல்சியும் மோதிய கம்யூனிட்டி ஷீல்டு ஆட்டத்தை அப்படித்தான் முடித்தார்கள். பார்வையாளர்களுக்குக் குழப்பம் மிஞ்சியதே தவிர வரவேற்பு இல்லை. அடுத்த ஆண்டே சோதனை கைவிடப்பட்டது. இதற்கிடையில், கூடுதல் தரவுகளோடு செய்யப்பட்ட பிந்தைய ஆய்வுகளில் அந்த அனுகூலம் மிகவும் சுருங்கிவிட்டது, சிலவற்றில் மறைந்தே போனது. நம் மூன்று எஃப்ஏ கோப்பை இறுதிகளையே எடுத்துக்கொண்டால், 2005இலும் 2022இலும் இரண்டாவதாக உதைத்த அணிதான் வென்றது. மூன்றை வைத்து எதையும் நிறுவ முடியாது என்பது வேறு விஷயம்.

மறு ஆட்டத்துக்கு வருகிறேன். உங்கள் கேள்வியில் எனக்கு உண்மையாகவே அனுதாபம் இருப்பது இந்தப் பகுதியில்தான்.

பெனால்டி முறை வருவதற்கு முன் சமநிலையைத் தீர்க்க மறு ஆட்டம், அதற்கு நேரமில்லையெனில் சீட்டுக் குலுக்கல் அல்லது நாணயச் சுண்டல். 1968ஆம் ஆண்டு ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியில் இத்தாலி சோவியத் ஒன்றியத்தை நாணயம் சுண்டித்தான் வென்றது. அதே ஆண்டு ஒலிம்பிக்கில் பல்கேரியாவிடம் இஸ்ரேல் சீட்டுக் குலுக்கலில் தோற்றது. அதைக் கண்டு மனம் வெதும்பிய இஸ்ரேலின் யோசெஃப் தகான் எழுப்பிய யோசனையின் தொடர்ச்சியாகவே, 1970இல் பெனால்டி முறை சர்வதேச விதிகளில் ஏறியது. அதாவது, ஷூட் அவுட் பிறந்ததே அதிர்ஷ்டத்தை விரட்டுவதற்காக. அதையே இன்று அதிர்ஷ்டம் என்று ஏசுகிறோம். எஃப்ஏ கோப்பையோ மறு ஆட்டத்தை விடாப்பிடியாகப் பற்றிக்கொண்டிருந்தது. 1971-72 பருவத்தின் தகுதிச் சுற்றில் ஆல்வ்சர்ச், ஆக்ஸ்ஃபர்டு சிட்டி என்ற இரு சிறு அணிகள் ஒரு முடிவு காண ஆறு ஆட்டங்கள் ஆடின. முதன்மைச் சுற்றுகளில் பெனால்டி 1991-92இல்தான் நுழைந்தது. இறுதிப் போட்டிக்குக் கடைசியாக மறு ஆட்டம் நடந்தது 1993இல். ஷெஃபீல்டு வெட்னஸ்டேக்கு எதிராகக் கூடுதல் நேரத்தின் கடைசி நிமிடத்தில் ஆண்டி லினிகன் தலையால் முட்டிய கோலில் ஆர்சனல் வென்றது. 2024-25 பருவத்திலிருந்து முதல் சுற்று முதலே மறு ஆட்டம் அடியோடு ஒழிக்கப்பட்டுவிட்டது. காவல்துறையின் ஏற்பாடுகள், ஐரோப்பியப் போட்டிகளால் நெரிபடும் நாட்காட்டி என்று காரணங்கள் பல. எல்லாம் நடைமுறைக் காரணங்கள்.

மறு ஆட்டம் நியாயமான அணியை வெற்றிபெறச் செய்யும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. 1970இல் செல்சியும் லீட்ஸும் வெம்பிளியில் 2-2 என்று முடித்தபோது, சிறப்பாக ஆடியது லீட்ஸ் என்பதே பொதுவான கருத்து. ஓல்டு டிராஃபோர்டில் நடந்த மறு ஆட்டத்தில் கோப்பையைச் செல்சி கொண்டுபோனது. ஆகவே 2005இல் மறு ஆட்டம் வைத்திருந்தால் யுனைடெட் வென்றிருக்கும் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. அங்கே கிடைத்துக்கொண்டிருந்தது வேறு: தவறியவருக்குச் சில நாள் கழித்து இன்னொரு வாய்ப்பு. 1981இல் டாட்டன்ஹாமின் ரிக்கி வியா முதல் ஆட்டத்தில் சோபிக்காமல் இடையிலேயே வெளியே அழைக்கப்பட்டு, தலைகுனிந்து நடந்து போனார். ஐந்து நாள் கழித்து மறு ஆட்டத்தில் அவரையே மீண்டும் களமிறக்கினார்கள். இரண்டு கோல் அடித்தார். மான்செஸ்டர் சிட்டியின் தற்காப்பு வீரர்களை ஒவ்வொருவராக வெட்டி வெட்டிக் கடந்து அடித்த இரண்டாவது கோல், அந்தக் கோப்பையின் வரலாற்றில் மிகச் சிறந்த கோல்களில் ஒன்று. 1990இல் கிரிஸ்டல் பேலஸுக்கு எதிராக யுனைடெட் 3-3 என்று தப்பித்தபோது, ஃபெர்குசன் தம் கோல்கீப்பர் ஜிம் லெய்டனை நீக்கிவிட்டு மறு ஆட்டத்துக்கு லெஸ் சீலியை நிறுத்தினார். கொடுமையான முடிவுதான், ஆனால் யுனைடெட் 1-0 என்று வென்றது. அங்கே ஃபெர்குசன் பெற்ற முதல் கோப்பை அது. முதல் ஆட்டத்தின் முடிவில் பெனால்டி வைத்திருந்தால் அதே லெய்டன்தான் கோலில் நின்றிருப்பார்.

எனவே 2005ஐப் பற்றி என் பதில் இது. ஆர்சனல் 120 நிமிடம் தோற்காமல் நின்றது, பிறகு வேறொரு போட்டியில் யுனைடெட்டைவிட ஓர் உதை நன்றாகச் செய்தது. அந்த இரண்டாவது போட்டிக்குரிய கோல்கீப்பர் அவர்களிடம் இருந்தார். இதில் அநியாயம் இல்லை. வருத்தப்பட வேண்டுமானால் ஸ்கோல்ஸுக்காக வருத்தப்படலாம். ரீசேவுக்கு இஸ்தான்புல்லின் கணக்கைத் தீர்க்க ஓராண்டிலேயே இன்னொரு ஷூட் அவுட் வந்தது. ஸ்கோல்ஸுக்கு அப்படி அமையவில்லை. 2008இல் மாஸ்கோவில் செல்சிக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் இறுதி பெனால்டிக்குப் போய் யுனைடெட் வென்றபோது அவர் களத்தில் இல்லை. முழு நேரம் முடிவதற்குச் சற்று முன்பே அவரை எடுத்துவிட்டு ரயன் கிக்ஸை இறக்கியிருந்தார்கள்.